சஜீவனின் சுடுதண்ணீர்த் தொட்டி

சஜீவனுக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று ஜெயபுரத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோபம் எங்கேயிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், குளிக்கப் போன இடத்தில் வந்தது என்று சொல்லியிருப்பான். குளித்தால் மனிதனுக்குச் சூடு தணியும் என்பார்கள். இவனுக்கு ஏறியது.

அவனுடைய தகப்பன் மூக்கனும் தாய் தங்கம்மாவும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடி வன்னிக்கு வந்தவர்கள். ஜெயபுரத்தில் ஒரு துண்டுக் காணி கிடைக்கும்வரை வட்டக்கச்சியில் செல்வராசாவின் வயலில் கூலிக்கு நின்றார்கள். செல்வராசா கெட்டவரில்லை. மத்தியானம் சோறு கொடுப்பார், தீபாவளிக்கு இடுப்பில் கட்டச் சாரம் கொடுப்பார். ஆனால் அவருடைய கிணற்றில் மூக்கன் வாளி போடக்கூடாது. வேலை முடிந்து சேற்றோடு வந்தால் வீட்டுக்காரர் யாராவது அள்ளி ஊற்றும்வரை குனிந்துகொண்டு நிற்க வேண்டும். ஊற்ற ஆளில்லாத நாட்களில் வாய்க்காலுக்குப் போக வேண்டும். அப்படிக் குனிந்து நின்ற தகப்பனின் முதுகைத்தான் சஜீவன் சின்ன வயதில் அதிகம் பார்த்தான். சோறு போடுகிற கைக்குத் தண்ணீர் விட மனம் வராதது என்ன நியாயமோ, அந்தக் கிணற்றுக்குத்தான் வெளிச்சம்.

வளர்ந்ததும் வவுனியா முகவர் ஒருவரைப் பிடித்துக் கொரியாவுக்குப் போனான். அன்சான் பக்கத்தில் இரும்புக்கு முலாம் பூசும் தொழிற்சாலை. அமில நெடி தோலுக்குள் போய் இருந்துவிடும். தங்கியிருந்த அறையில் சுடுதண்ணீர் இல்லை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆகவே ஒழுங்கை முடிவில் இருந்த பொதுக் குளியல் கடைக்குப் போனான்.

அது பழைய கடை. சுவர் ஓடுகள் வெடித்திருந்தன, ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி, ஒரு குளிர்தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். வருகிறவர்கள் தொழிற்சாலை ஆட்களும் பக்கத்துக் கிழவர்களும். சஜீவன் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே சுடுதண்ணீருக்குள் இறங்கினான். கிணற்றடியில் சாரத்தோடு குளித்துப் பழகியவன் வேறெப்படி இறங்குவான்? தொட்டிக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சத்தம் போட்டார்கள். கறுப்பன் என்று துரத்துகிறார்கள் என்றே அவன் நினைத்தான். கையை முறுக்கிக்கொண்டு சண்டைக்கு நின்றான். ஒரு கிழவர் பிறந்தமேனியாக எழுந்து வந்து, சாரத்தின் முடிச்சை இழுத்துவிட்டு, சவர்க்காரத்தையும் குட்டைக் கதிரையையும் காட்டினார். முதலில் அதில் குந்தி ஊத்தை போகத் தேய்த்துக் கழுவ வேண்டும், துணி இல்லாமல்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், அதுதான் சட்டம். கோவணம் இல்லாத ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு நேராக விளங்கியது.

அவன் கழுவி முடித்ததும் அந்தக் கிழவர் ஒரு சொரசொரத்த பச்சைத் துணியை அவனிடம் தந்துவிட்டுத் தன் முதுகைத் திருப்பினார். தேய்த்துவிடு என்று அர்த்தம். தேய்த்தான். பிறகு அவர் அவனைத் திருப்பி இருத்திவிட்டு அவன் முதுகை அழுக்கு உருண்டு விழும்வரை தேய்த்தார். தாய்க்குப் பிறகு அவன் முதுகைத் தொட்ட முதல் மனிதர் அவர்தான். அவனுக்கு அழுகை வந்தது. முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டான். பகல் முழுக்க அவனை நாய்போல விரட்டுகிற மேற்பார்வையாளனும் அதே தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். உடுப்பில்லாதபோது அவனும் வெறும் வயிறு தள்ளிய மனிதன்தான்.

இரண்டாவது கடை நகரத்தில் இருந்தது. அதன் வசதியைச் சொல்லி முடியாது. மாடி மாடியாகக் கட்டிடம். கையில் மாட்டும் அலுமாரித் திறப்பு, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் கடையே கொடுக்கும் சட்டையும் களிசானும், மஞ்சள் மண் பூசிய வெக்கை அறை, உப்பு பரப்பிய அறை, உடம்பு விறைக்கும் குளிர் அறை. வேர்த்துவிட்டு வந்தால் சுட்ட முட்டையும் இனிப்பான சோற்றுத் தண்ணீரும். சூடான நிலத்தில் குடும்பம் குடும்பமாகப் படுத்துத் தொலைக்காட்சி பார்ப்பார்கள். ஆனால் ஆண்களின் குளியல் பக்கத்தில் சஜீவன் ஒரு தொட்டிக்குள் இறங்கினால், அங்கே இருந்த மாணவர்களும் கந்தோர்க்காரரும் ஒவ்வொருவராக எழுந்து பக்கத்துத் தொட்டிக்குப் போவார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கடையில் வாய்விட்டுக் கத்தினார்கள், பிறகு முதுகு தேய்த்தார்கள். இங்கே மரியாதையாகவே அருவருத்தார்கள்.

மூன்றாவது கடை புதிதாகத் திறந்தது. பளிங்குத் தரை, பைன் மரவாசம், வாசலில் கார்கள். ஊருக்குத் திரும்ப முதல் ஒருநாள் ராசா மாதிரிக் குளிப்போம் என்று போனான். வாசலில் இருந்த பெண் தலை நிமிராமலே திறப்பைக் கொடுத்துவிட்டாள். உடுப்பைக் கழற்றி இடுப்பில் சின்னத் துவாயோடு உள்ளே போனவனை முகாமையாளன் கைகளைக் குறுக்கே வைத்து மறித்தான். பழைய பிழையைத்தான் மறுபடி செய்துவிட்டோம் என்று சஜீவன் நினைத்தான். துவாயை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பார், ஒன்றும் கட்டவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். முகாமையாளன் தலையை ஆட்டினான். பிரச்சினை துவாய் இல்லை. “எனக்கு ஒன்றும் இல்லை. வருகிற ஆட்கள் விரும்பமாட்டார்கள்” என்றான். அதை விளங்கிக்கொள்ளும் அளவுக்குக் கொரிய மொழி சஜீவனுக்கு வந்துவிட்டிருந்தது. வராமலே இருந்திருக்கலாம். பிறந்தமேனியாக நின்று அதைக் கேட்டவன், உடுத்திக்கொண்டு பனிக்குள் நடந்தான்.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் ஊருக்கு வந்தான். ஏ ஒன்பது வீதி திறந்து, லொறிகளும் வான்களும் கிளிநொச்சியை நிறைத்துக்கொண்டு போன காலம். கொரியாவில் உழைத்ததையெல்லாம் கொட்டி வீதியோரத்தில் ஆண்களுக்கு ஒரு குளியல் கடை கட்டினான். சுடுதண்ணீருக்கு ஒரு பெரிய தொட்டி, கிணற்றுத் தண்ணீருக்கு ஒன்று, மண் பூசிய வெக்கை அறை ஒன்று. வாடகைக்கு எடுத்த காணியும் கிணறும் செல்வராசாவினுடையவை. பக்கத்திலேயே அவருடைய அரிசி ஆலை. ஆலையின் உமியை எரித்துத்தான் தண்ணீர் சூடாக்கினான்.

ஊர் சிரித்தது. “வெய்யிலில சும்மா வேகிறம், காசு குடுத்தும் வேகோணுமோ?” என்று கேட்டார்கள். ஆனால் குண்டும் குழியுமான வீதியில் இடுப்பு ஒடிய வந்த லொறிச் சாரதிகள் ஒருமுறை அந்தத் தண்ணீருக்குள் இருந்து பார்த்தார்கள். பிறகு சிரித்தவர்களும் வந்தார்கள்.

சஜீவன் மூன்று கடைகளிலும் நல்லதைப் பொறுக்கியிருந்தான். கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்கலாம் என்பது பழைய கடையின் சட்டம். வருகிற எல்லோருக்கும் கடையே ஒரே நிறச் சாரம் கொடுக்கும் என்பது நகரத்துக் கடையைப் பார்த்துச் செய்தது. நம்மவர்கள் உரிந்து போட்டுவிட்டு இறங்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். மண்ணிறச் சாரத்தோடு கழுத்துவரை தண்ணீருக்குள் இருந்தால் யார் ஆலைக்காரர், யார் மூட்டை தூக்குகிறவர் என்று தெரியாது. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. மூன்றாவது கடையிலிருந்து அவன் ஒன்றும் எடுக்கவில்லை.

வவுனியாவிலிருந்து புடைவை ஏற்றிவரும் மஹ்றூப் வாரம் தவறாமல் வருவார். முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்டுப் போன முஸ்லிம் வியாபாரி அவர். “சாரம் குடுத்தியே, அது நல்லம் தம்பி. கொரியாக்காரன் மாதிரி உரியச் சொல்லியிருந்தா நான் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டன்” என்பார்.

கடை நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு சஜீவன் தகப்பனைக் கூட்டிவந்தான். மூக்கனுக்கு முதுகு வளைந்து, காலையில் பாயைவிட்டு எழும்ப முடியாமல் இருந்தது. நல்ல கூட்டமான நேரம். மகன் குட்டைக் கதிரையில் இருத்தி, முதுகு தேய்த்து, மண்ணிறச் சாரம் கட்டிக் கையைப் பிடித்து இறக்கினான். மூக்கன் தண்ணீருக்குள் இருந்து, “ஐயோ, சொகமா இருக்குய்யா” என்று கண்ணை மூடினார். அவர் அப்படிச் சொல்லி சஜீவன் அதற்கு முன் கேட்டதில்லை.

வட்டக்கச்சிக்காரர் ஒருவர் மூக்கனை அடையாளம் கண்டார். மெல்ல எழுந்து கரைக்கு ஏறினார். பிறகு பக்கத்தில் இருந்தவர், அதற்குப் பிறகு இன்னும் இருவர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சஜீவனுக்கு அந்தப் பேச்சில்லாத எழும்புதல் நன்றாகப் பழகியிருந்தது. தொட்டிக்குள் மஹ்றூப்பும் மூக்கனும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஆலையிலிருந்து செல்வராசா வந்தார். சஜீவனை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, மூக்கன் குளிக்கட்டும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. பின்னால ஒரு சின்னத் தொட்டி கட்டிவிடு. இல்லாட்டி எல்லாரும் போனாப் பிறகு இறக்கு.”

“ஏன் ஐயா?”

“எனக்கு ஒண்டுமில்லை. வாற ஆக்கள் விரும்பமாட்டினம்.”

 கடல் கடந்து பனி ஊரில் கேட்ட அதே வசனம், ஒரு சொல் குறையாமல், உமிப்புகைக்குள் நின்று வருகிறது. அந்த ஊரில் அவன் அன்னியன். இங்கே அவனுக்குச் சோறு போட்டவர், சாரம் கொடுத்தவர், தம்பி என்று கூப்பிடுகிறவர் சொல்கிறார். இவர்களெல்லாம் ஒரே பள்ளிக்கூடத்திலா படித்தார்கள் என்று தோன்றியது.

“இஞ்ச ஒரு தொட்டிதான் ஐயா. விரும்பாத ஆக்கள் வாய்க்காலில குளிக்கட்டும்.”

“காணி என்ரை, உமி என்ரை. யோசிச்சுக் கதை தம்பி.”

அதற்குள் மூக்கன் எழுந்துவிட்டார். தண்ணீர் சொட்டச் சொட்ட, குனிந்த முதுகோடு, “மன்னிச்சிருங்கய்யா, தெரியாம எறங்கிட்டேன்” என்று செல்வராசாவைக் கும்பிட்டார். மஹ்றூப் அவர் கையைப் பிடித்து, “இருங்கோ அண்ணை, நான் இருக்கிறன்தானே” என்றார். மூக்கன் இருக்கவில்லை. செல்வராசா சொன்னதைவிட அந்தக் கும்பிடுதான் மகனைச் சுட்டது.

சஜீவன் தொட்டிக்குள் குதித்தான். அடியில் செருகியிருந்த அடைப்புக் கட்டையைப் பிடுங்கி எறிந்தான். சுடுதண்ணீர் முழுவதும் வாய்க்காலுக்கு ஓடியது. “எங்கட அப்பா இருக்கேலாத தண்ணியில ஒருத்தரும் இருக்கத் தேவையில்லை” என்று கத்தினான். பிறகு தொட்டி நிறையவே இல்லை. காணிக்காரரோடு மல்லுக்கட்ட முடியாமல் தகப்பனைக் கூட்டிக்கொண்டு ஜெயபுரம் போனான். ஊரோடு ஒத்து வாழத் தெரியாதவன் என்று புத்தி சொன்னார்கள். அந்தத் தொட்டியில் செல்வராசா நெல் ஊறப்போட்டார்.

சண்டை திரும்பி வந்து எல்லோரையும் ஒரே வீதியில் கிழக்கே துரத்தியது. இரணைப்பாலையில் ஷெல் பட்டு மூக்கன் செத்தார். பிணத்தைக் குளிப்பாட்டாமல் எடுப்பது நம்மிடம் வழக்கமில்லை. சஜீவன் ஒரு வாளித் தண்ணீருக்கு ஓடித் திரிந்தான். கிடைக்கவில்லை. இரத்தமும் மண்ணுமாகவே தகப்பனைப் பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்தில் தாட்டான். இதற்கு யாரிடம் கோபிப்பது என்று தெரியாமல் எல்லோரிடமும் கோபித்தான்.

சண்டை முடிந்து அடைத்துவைத்த செட்டிக்குளத்து முகாமில் தண்ணீர் பவுசர் லொறியில் வந்தது. ஆண்கள் வெட்டவெளியில் வரிசையாக நின்று கிடைத்த தண்ணீரில் குளித்தார்கள். ஆலைக்காரரும் மூட்டை தூக்கியவரும் ஒரே புழுதி நிறத்தில் இருந்தார்கள். சஜீவன் கேட்டது இதைத்தான், ஆனால் இப்படிக் கேட்கவில்லை.

ஒருநாள் வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் செல்வராசா நின்றார். வலது கையில் கட்டு. உடம்பு பாதியாகியிருந்தது. ஒற்றைக் கையால் முதுகை எட்டப் பார்த்து எட்டாமல் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

“சஜீவனே? மூக்கன் எங்கை தம்பி?”

“இரணைப்பாலையில தாட்டனான். குளிப்பாட்டவும் இல்லை.”

“நல்ல மனிசன்” என்று அவர் தலையை ஆட்டினார். பிறகு, “கை ஏலாது தம்பி. முதுகை ஒருக்காத் தேய்ச்சுவிடு” என்று தன் வாளியை அவன் பக்கம் தள்ளினார்.

 இத்தனை வருடமாகச் சஜீவனின் வாய்க்குள் அரைபட்டது வெளியே வந்தது.

“எனக்கு ஒண்டுமில்லை ஐயா. வாற ஆக்கள் விரும்பமாட்டினம்.”

செல்வராசா முழித்தார். “எந்த ஆக்கள்?” என்று பின்னால் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவர் நடிக்கவில்லை. ஒரு மனிதனின் கடையையும் அவன் தகப்பனின் ஒரே ஒரு சுகத்தையும் கெடுத்த வசனம் அவருக்கு நினைவிலேயே இல்லை.

அவர் அவனுக்கு முன்னால் குனிந்து, தண்ணீருக்காகக் காத்துக்கொண்டு நின்றார். சஜீவன் அந்த வாளியில் கையைவிட்டு அள்ளி அவர் முதுகில் ஊற்றினான். தேங்காய்ப் பொச்சை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினான். அழுக்கு உருண்டு உருண்டு விழுந்தது.

“மெல்லத் தம்பி, நோகுது” என்றார் செல்வராசா.

அவன் மெல்லத் தேய்க்கவில்லை.