சாம்பல் நீரில் ஊறிய அங்கி

எர்மெலின் அக்கா வெளுத்த துணி வேலியில் காயும்போதே தனியாகத் தெரியும். அடுப்புச் சாம்பலைக் கொதிநீரில் கரைத்து, வடிகட்டி, அந்தக் காரத்தில் ஊறவைப்பாள். கை வெடித்து ரத்தம் கசிந்தாலும் விடமாட்டாள். அவள் புருஷன் பெரார் பீப்பாய் செய்பவன். சந்தைக்குப் போனால் அவளுக்குத் தேன் ரொட்டி வாங்காமல் திரும்பமாட்டான்.

ஓடைக்கு அந்தப் பக்கக் காட்டில் கோபேர் என்ற தவசி குடிசை போட்டார். ஆண்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, குடிசை மடமாயிற்று. பெண்கள் ஓடையைத் தாண்டக் கூடாது. பெரார் முதலில் அவருக்கு ஒரு வாளி கொடுக்கப் போனான். பிறகு கால் கழுவிவிட, புண்ணுக்கு மருந்து போட. அக்கா எடுத்து வைத்த பாலாடைக்கட்டியும் ஓடையைத் தாண்டிற்று.

துறையில் துணி அடிக்கும்போது பெண்கள் சிரித்தார்கள்.

“ஏன்டி, உன் சக்களத்திக்குத் தாடி இருக்காமே?”

“இருக்கு. பல்லுதான் இல்ல,” என்றாள் அக்கா. அவள் அடித்த அடியில் பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த என் முகமெல்லாம் தண்ணீர்.

பெராருக்கும் மடத்தில் சேர ஆசை வந்தது. ஆனால் மணமானவன் துறவியாக வேண்டுமென்றால் மனைவி தேவாலயப் பீடத்தின் முன் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். இனி வேறு ஆணைத் தேடமாட்டேன் என்று அவளும் சத்தியம் செய்ய வேண்டும்.

“ஒரே வார்த்தை, எர்மெலின். ‘போகட்டும்’னு சொல்லேன்,” என்று கெஞ்சுவான் பெரார்.

“மாட்டேன். கிழவன் சாகட்டும். அப்பறம் நீ எங்க போறேன்னு பாக்கறேன்.”

அந்தக் குளிர்காலத்திலேயே கோபேர் இறந்தார். தாடி மயிர், நகம் என்று ஆளுக்கொன்று புனிதப் பொருளாகப் பிய்த்துக்கொண்டார்கள். பெராருக்கு உள்ளங்கி கிடைத்தது. அக்கா பன்றிக்கொழுப்பு போட்டு அவரைக்கஞ்சி காய்ச்சி வைத்துக் காத்திருந்தாள். அவன் குடித்தான், பிறகு அங்கியில் முகம் புதைத்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் பட்டறைக்குப் போனதும் அங்கி தொட்டிக்குள் போயிற்று. சாம்பல் கேட்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“அந்தாளு வேர்வை நாத்தம் ஒரு பொட்டு இருக்கக் கூடாது,” என்று கசக்கினாள்.

கறுத்த தண்ணீரை வாசலில் கொட்டினாள். கண்நோவுக்காரி கிஸ்லா எதிரே வந்தாள்.

“யாரு துணிடி அது?”

“அந்தக் கிழவனோடதுதான்.”

கிஸ்லா சேற்றில் மண்டியிட்டு, வழித்துக் கண்ணில் அப்பிக்கொண்டாள். மறுநாள் எரிச்சல் நின்றுவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னாள். அவ்வளவுதான். அக்காவின் வாசலில் சட்டியும் குடமுமாகக் கூட்டம். “அம்மா, கொஞ்சம் தண்ணி!”

பெரார் ஓடிவந்தான். அடிக்கப் போகிறான் என்று பயந்தேன். அவன் அவள் வெடித்த கைகளைப் பிடித்து, மோந்து, முத்தமிட்டான்.

“இந்தக் கை அவரைத் தொட்டிருக்கு.”

எத்தனை வருஷம் அந்தக் கையிலிருந்து ரத்தம் வந்திருக்கும்! அக்கா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“போய்யா. பாதிரியாரக் கூப்பிடு. சொல்லித் தொலைக்கறேன்.”

சொன்னாள்; சத்தியமும் செய்தாள். பெரார் ஓடையைத் தாண்டினான்.

இப்போது மடத்து அங்கிகள் அவளிடம்தான் வெளுப்புக்கு வருகின்றன. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. பெராருடையது எதுவென்று அவளுக்குத் தெரியும். அதை மட்டும் அவள் மற்ற அங்கிகளோடு சேர்த்து ஊறவைப்பதில்லை.