மத்தியானத்து நீலம்

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, கிள்ளான் நகரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கூடம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கடைவீட்டு மாடியில் இரண்டு அறைகள். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பதினோரு மணிக்கெல்லாம் மீன் குழம்பு வாசம் படியேறி வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரையும் முகர்ந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

முதலாளி, அரசாங்கத்தில் கெமிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத் தமிழர். நான் கண்ணாடிக் குழாயைச் சத்தம் வர வைத்தால் திரும்பிப் பார்ப்பார். திட்ட மாட்டார், பார்ப்பதே போதும். நான் அவரை ‘சார்’ என்பேன். அவர் என்னைப் ‘பிள்ளை’ என்பார்.

எங்களிடம் இருந்த ஒரே விலை உயர்ந்த பொருள் ஒரு கலரிமீட்டர். ஒரு பக்கம் சின்ன விளக்கு, மறு பக்கம் வெளிச்சத்தை உணரும் கண், நடுவில் விரல் நீளக் கண்ணாடிக் குழாயை இறக்கி வைக்க ஒரு குழி. பரிசோதிக்க வேண்டிய தண்ணீரில் ஒரு சாயத்தைச் சொட்டி, குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடி நன்றாகக் குலுக்குவோம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் சாயம் காவி நிறத்திலேயே கிடக்கும். துத்தநாகம் கலந்திருந்தால் நீலமாகும். நீலம் என்று சொல்ல நம் கண்ணே போதும். எவ்வளவு நீலம் என்று சொல்லத்தான் அந்த இயந்திரம். வெளிச்சம் குழாய்க்குள் புகுந்து எவ்வளவு மங்கி வெளியே வருகிறதோ, அந்த அளவுக்கு முள் நகரும்.

ஊருக்கு வெளியே மீன் வளர்க்கக் குளம் வெட்டிய ஒருவர், பக்கத்து ஓடைத் தண்ணீரை உள்ளே விடலாமா என்று கேட்டு எங்களிடம் வந்தார். காலையில் ஒரு போத்தல், மத்தியானம் ஒரு போத்தல் என்று எடுத்துப் பார்த்தோம். காலைத் தண்ணீரில் முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. மத்தியானத் தண்ணீரோ பள்ளிக்கூடச் சீருடை மாதிரி நீலம்! இரண்டு வாரமும் இதே கதைதான்.

“பாரும் பிள்ளை, ஆரோ மத்தியானத்தில கழிவைத் திறந்து விடுறான்” என்றார் சார். கண் மின்னியது. பணியில் இருந்த காலத்தில் அவருக்கு இப்படி ஒரு துப்பு கிடைத்ததே இல்லை போலிருக்கிறது.

ஓடை வரும் வழியில் ஒரு கிரில் கடை இருந்தது. இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்து, துருப்பிடிக்காமல் இருக்க உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் பட்டறை. இதைவிடப் பொருத்தமான குற்றவாளி எங்கே கிடைப்பான்?

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கே சாரின் பழைய காரைக் கடைக்கு எதிரே நிறுத்திக் காவல் இருந்தோம். சார் முகத்துக்கு நேரே செய்தித்தாளை விரித்துக்கொண்டார். எனக்கு ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை. வெயிலில் கார் இட்லிச் சட்டியாகிவிட்டது. எனக்கு வேர்க்குரு வேறு. கைப்பையிலிருந்து பவுடரை எடுத்துக் கழுத்திலும் கையிலும் தட்டிக்கொண்டேன்.

ஒரு மணி வாக்கில், கடைக்கார அண்ணன் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீர் இரண்டைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் காருக்கு வந்தார்.

“என்னா boss, கார் பிரேக்டவுனா? ரெண்டு மணி நேரமா நிக்கிறீங்க.”

“இல்லை... சும்மா காத்து வாங்குறம்” என்றார் சார்.

“இந்த வெயில்லயா?”

சாருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு உறிஞ்சு குடித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த அண்ணன் கோபப்படவில்லை. “மத்தியானமா? பன்னெண்டரைக்கே எல்லாத்தையும் நிப்பாட்டிருவோம் லா. வந்து பாருங்க” என்று உள்ளே அழைத்துப் போனார். அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, மூன்று பேர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டி மூடியிருந்தது.

வந்ததற்காகக் கடை வாசல் லொங்காங்கில், அதாவது சாக்கடையில், ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினோம். கூடத்தில் சாயத்தை விட்டுக் குலுக்கினேன். அதுவரை பார்க்காத நீலம். முள் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது.

சார் நகராண்மைக் கழகத்துக்குப் புகார்க் கடிதம் தட்டச்சு செய்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், சற்று நின்றார். “எதுக்கும் வெறும் தண்ணியை ஒருக்கா வச்சுப் பாரும்.”

காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரை ஒப்பீட்டுக்காகக் காலையில் ஒரு தடவை வைத்துப் பார்ப்போம். மத்தியானத்தில் வைத்ததே இல்லை. வைத்தேன். அதுவும் நீலம்.

சார் பேனாவை மூடினார்.

அடுத்த மூன்று நாள் கூடத்தில் எல்லாமே சந்தேகப் பட்டியலில் ஏறின. சாயத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தோம். குழாய்களை அமிலத்தில் ஊறப்போட்டோம். விளக்கை மாற்றினோம். கீழ்க்கடைப் புகையாக இருக்குமோ என்று ஜன்னலை அடைத்து வெந்தோம். காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், மத்தியானம் நீலம். சார் இயந்திரத்தைப் பார்த்து, “உமக்கு என்ன குறை?” என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பவுடர் டின்னைக் கையில் எடுத்தேன். எத்தனையோ வருடமாக வீட்டில் இருக்கும் டின். அன்றுதான் அதன் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் என்னென்னவோ போட்டிருந்தது. நடுவில் ஜிங்க் ஆக்ஸைடு. ஜிங்க் என்றால் துத்தநாகம்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் வந்ததும் சோப்புப் போட்டுக் குழாய்களைக் கழுவுவேன். கையும் அதோடு கழுவப்பட்டுவிடும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பவுடர் போடுவேன். பிறகு அதே கட்டைவிரலால் குழாயை மூடிக் குலுக்குவேன். ஓடையில் வந்த கழிவு என் விரலில் இருந்து வந்தது.

திங்கட்கிழமை பவுடர் இல்லாமல் கிளம்பினேன். “உடம்பு சரியில்லையா, மூஞ்சி இப்படிக் கிடக்கு?” என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அன்று மத்தியானம் தண்ணீர் காவி நிறத்திலேயே கிடந்தது. “ஆ! குழாயிலதான் பிழை! அமிலத்தில ஊறினது இப்பதான் வேலை செய்யுது!” என்று சார் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது உண்மை. பஸ் ஏறும் வரை அதே நினைப்புத்தான். ஆனால் பட்டறையில் படுத்திருந்த அந்த மூன்று பேரையும் தூக்கத்திலேயே நாங்கள் குற்றவாளியாக்கியது உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் டின்னை அவர் மேசைமேல் வைத்தேன். “சார், குழாய் இல்ல. நான்தான்.”

சார் டின்னைத் திருப்பிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“பரிசோதிக்காமல் ஆரையும் குற்றவாளி எண்டு சொல்லக்கூடாது பிள்ளை. ஒரு சிட்டிகை போடும்.”

போட்டேன். குழாய் நீலமானது. சார் முள்ளைப் பார்த்து, பதிவேட்டில் “மாதிரி: முகப் பவுடர்” என்று அழகாக எழுதி எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு, “வெளிக்கிடும். மன்னிப்புக் கேக்கப் போவம்” என்றார்.

கிரில் கடை அண்ணன் கதையைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, என்னையே மறுபடியும் சொல்லச் சொன்னார். அப்புறம், “சரி தங்கச்சி, இப்ப பவுடர் இல்லாம நம்ம தண்ணிய ஒழுங்கா பாருங்க. எனக்கும் தெரியணும்ல?” என்றார்.

பார்த்தோம். மூன்று தடவை, வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டே பார்த்தோம். முள் மெல்ல எழுந்து நின்றது. ஓரத்தில் முட்டவில்லை, ஆனால் விடக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. சூடான கம்பியை ஆறவைக்கும் தண்ணீரைக் காலையிலேயே அவர் லொங்காங்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓடையில் கலந்ததும் நீர்த்துப்போய்விடுவதால் எங்கள் காலைப் போத்தலில் அது பெரிதாகத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்ட மூன்றாம் நாளே இதைச் சொல்லப் போக வேண்டியிருந்தது. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணைச் சொன்னார்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். “அப்போ அன்னிக்கு நீங்க கேட்ட சாரியத் திருப்பித் தரணுமா?”

“வேண்டாம், வச்சிரும். அது மத்தியானத்துக்கு. இது காலமைக்கு.”

அடுத்த மாதமே அவர் பட்டறைக்குப் பின்னால் மூன்று குழி வெட்டி சிமெண்ட் பூசினார். தண்ணீர் ஒன்றில் தேங்கி, வண்டல் இறங்கி, அடுத்ததற்கு வழியும்படி அவரே யோசித்துச் செய்தார். ஒவ்வொரு மாதமும் கடைசிக் குழித் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, மோட்டார் சைக்கிளில் அவரே கொண்டுவருவார். முள்ளைப் பார்க்காமல் போகமாட்டார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, “அரைக் கோடு கம்மி லா சார், நல்லாப் பாருங்க” என்று வாதாடுவார். சார் விடமாட்டார். அரைக் கோட்டுக்காக இருவரும் அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். அதற்குள் கீழ்க்கடையில் சோறு தீர்ந்துபோகுமே என்பது என் கவலை.