படத்தில் தெரியாத இடம்

நான் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்றே அறையில் தாதியாக இருக்கிறேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருடம் லீவில் எங்கள் ஊர் வங்காலைக்கு வந்தபோது நடந்தது இது. எழுதும்போதே கோபம் வருகிறது.

அக்காவின் மூக்கோரத்தில் ஒரு பரு. கோயில் திருநாளுக்கு முன் அது போகவேண்டுமென்று அவளுடைய புருஷன், என் அத்தான், மீன்முள்ளால் குத்திப் பிதுக்கியிருக்கிறார். பிறகு காய்ச்சல், தாங்க முடியாத தலையிடி. யாழ்ப்பாணம் கொண்டுபோய்த் தலையை எக்ஸ்றே படம் எடுத்து, அதில் ஒன்றுமில்லை என்றதும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

நான் பார்த்தபோது ஒரு கண் பிதுங்கி, விழி அசையாமல் நின்றது. மற்றக் கண்ணின் இமையும் வீங்கத் தொடங்கியிருந்தது.

அத்தான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "பதறாதை பிள்ளை. எலும்பெல்லாம் சோக்கா இருக்கு. உன்ரை ஆக்கள் எடுத்த படம்தானே, உனக்கே நம்பிக்கையில்லையோ?"

"அது எலும்பைத்தான் காட்டும் அத்தான். மூக்கடி இரத்தம் கண்ணுக்குப் பின்னால, மூளைக்குக் கீழ இருக்கிற ஒரு இரத்தப் பைக்குள்ள போகும். நீங்கள் பிதுக்கின சீழ் அங்க போய் இரத்தத்தை உறைய வைச்சிட்டுது. அது இந்தப் படத்தில வராது. காரைப் பிடியுங்கோ, இல்லாட்டி அக்கா செத்துப்போவா!"

வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் கத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்குத்தரும் அதையே சொல்லி, புதிதாக வந்திருந்த பெனிசிலினை ஏற்றினார். அக்காவின் உயிர் தப்பியது. ஒரு கண் மட்டும் இன்னும் வெளிப்பக்கம் திரும்பாது.

அத்தானோ அந்தப் படத்தை அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். "படம் நல்லாத்தான் இருந்தது" என்று இன்றும் சொல்கிறார்.

இப்போது நான் யாருக்குப் படம் கொடுத்தாலும், அதில் எது தெரியாது என்பதை முதலில் சொல்லிவிட்டே கொடுக்கிறேன். முகப்பருவைப் பிதுக்கப் போகும் கையைக் கண்டால், அது யாருடையதானாலும் தட்டிவிடுகிறேன்.