வளர்மதி அக்கா தர மறுத்த மீன்கள்

புதன்கிழமை காலை வளர்மதி அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்குள்ள..."

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு அருகே கலர் மீன் கடை வைத்திருந்த அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். பாதிப் பேராவது அவரிடம் மீன் கேட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பீர்கள்.

முதல் நாள் எனக்கும் அதுதான் நடந்தது. ஒரு ஜோடி தங்கமீன் கேட்டேன்.

"ஊட்ல எத்தினி தொட்டி சார்?"

"ஒண்ணுதான். அதுல ஏழு மீன் இருக்குது."

"அப்ப இன்னிக்கி வாணாம். புது மீன ரெண்டு வாரம் தனியா வெச்சிப் பாக்கணும். ஒரு பிளாஸ்டிக் டப்பு ரெடி பண்ணிட்டு வாங்க."

எனக்குக் கோபம். திண்டிவனம் போய் வேறொரு கடையில் வாங்கிவந்து நேரே தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் எல்லா மீன்கள் மேலும் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள். மகள் நான்கு வருடம் வளர்த்தவை ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கத் தொடங்கின. அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

தலைகுனிந்து அக்காவிடம் போனேன். 'அன்றே சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்தோடு வீட்டுக்கே வந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு உசிரோட இருக்குது பாரு கண்ணு. அதுங்கள காப்பாத்துவோம்" என்றார். இரண்டும் பிழைத்தன.

பிறகு எப்போது போனாலும் இரை போட்டுக் காட்டுவார். எது ஓடிவந்து தின்கிறது, எது துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது, எது கல்லில் உடம்பைத் தேய்க்கிறது என்று பார்க்கச் சொல்வார். ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் தரமாட்டார்.

சிங்கவரத்தில் அக்காவின் தம்பி புது வீடு குடிபோன சமயம், முந்தின நாள் கடைக்கு வந்திறங்கிய மீன்களைக் கேட்டார். நானும் அங்கிருந்தேன்.

"நல்ல நாளு அதுவுமா தொட்டி காலியா இருக்கலாமாக்கா?"

"இருந்துட்டுப் போவுது. அதுங்க வந்து முழுசா ஒரு நாளு ஆவல. இன்னா வியாதி இருக்குதோ!"

விருட்டென்று போன தம்பி மூன்று மாதம் அக்காவோடு பேசவில்லை. அந்த மீன்களில் பாதி அதே வாரம் செத்தன. "தம்பிகிட்ட சொல்லலாமே" என்றேன். "வாணாம் சார், அவன் மனசு கஷ்டப்படும்" என்றார். அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் நான் அதைத் தம்பியிடம் சொன்னேன். ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார்.

தாலுகா அலுவலகத்தில், 'இன்று முடியாது' என்று தினமும் யாரிடமாவது சொல்லும் வேலை எனக்கு. முன்பெல்லாம் தலை நிமிராமலே சொல்வேன். இப்போது முகம் பார்த்து, ஏன் என்று விளக்கி, என்றைக்கு வரலாம் என்பதையும் சொல்லி அனுப்புகிறேன். வளர்மதி அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான்.