கத்தினால் அவுட்

லிப்ட் மெக்கானிக்கின் முகம் அவன் வாடிக்கையாளர்கள் பலருக்குத் தெரியாது. குரல்தான் தெரியும். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் பதினான்கு வருஷமாக அதே நாலு வார்த்தைதான் சொல்லி வருகிறான்.

"தரையில உக்காருங்க. கத்தாதீங்க, மூச்சு வாங்கும். நான் மூணு தட்டு தட்டுனா நீங்களும் மூணு தட்டுங்க. நான் சொன்னப்புறம்தான் வெளிய கால் வைக்கணும்."

வீட்டில் அது விளையாட்டாகிவிட்டது. சாப்பாட்டு மேசைமேல் போர்வையைப் போட்டுத் தொங்கவிட்டால் லிப்ட் தயார். உள்ளே இருப்பவர் வாய் திறந்தால் அவுட். நாலு வயது மகனை உருண்டை என்பார்கள். அவன் பத்து எண்ணுவதற்குள் கெக்கெக்கென்று சிரித்துத் தோற்பான். ஏழு வயது மூத்தவள் தூக்கத்திலும் பேசுகிறவள், அதனால் வாயாடி. மேசைக்கு அடியில் போனால் மட்டும் கல்லாகிவிடுவாள். ஒருமுறை முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மலைக்குப் போகும் யோசனை அவனுடையதுதான். வருஷம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸ் பூசிக்கொண்டு நிற்பவனுக்கு ஓர் இரவாவது வானத்தைப் பார்த்துத் தூங்க ஆசை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி இரண்டு நாள் லீவு கேட்டு வாங்கினாள். கூட வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் தன் கூடாரத்தைக் கடனாகக் கொடுத்தான்.

மாலை மூன்றரை மணிக்கு, மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் மேட்டில் கூடாரத்தை விரித்தார்கள். கூடார முளை பாறையில் இறங்கவில்லை. அடித்த நாலில் மூன்று வளைந்துபோயின.

"இருபது மாடிக்கு லிப்ட் ஓட்டுறவருக்கு ஒரு துணிய நிக்க வைக்கத் தெரியலையே!" என்றாள் மனைவி.

"அதுல மோட்டார் இருக்கும்மா. இதுல என்ன இருக்கு?" என்றவன், மகளைப் பார்த்து, "வாயாடி, மூலையில வைக்கக் கல்லு பொறுக்கிட்டு வா. பெருசா," என்றான்.

அவள் குதித்துக்கொண்டு ஓடினாள். ஐந்து நிமிஷத்தில் மூடுபனி இறங்கியது. மேலேயிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது காலடியிலிருந்து ஏறி வந்தது. பத்தடி தள்ளி நின்ற மரம் காணாமல் போயிற்று.

"பாப்பா, போதும், வா!"

பதில் இல்லை.

முதலில் கோபமாகக் கூப்பிட்டான். அப்புறம் செல்லமாக. அப்புறம் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் மரங்கள், இடப்பக்கம் முப்பது நாற்பது எட்டு வைத்தால் பாறை அப்படியே அறுந்து கீழே போகிறது. வந்தவுடன் கைபிடித்துக் கூட்டிப்போய், "இங்க வரவே கூடாது" என்று காட்டியிருந்தான். காட்டாமல் இருந்திருந்தால் அப்படி ஓர் இடம் இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காதே என்று இப்போது நினைத்தான்.

போனில் சிக்னல் இல்லை. வனக்காவலரின் அறை முக்கால் மணி நேர இறக்கத்தில் இருக்கிறது. போய் ஆள் கூட்டி வருவதற்குள் இருட்டிவிடும். மகளின் கம்பளிச் சட்டை பையிலேயே கிடந்தது. மனைவி அதைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவேயில்லை.

"நீங்கதானே அனுப்புனீங்க," என்றாள். கத்திச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விளிம்புக்குப் போய்ப் படுத்துக்கொண்டு கீழே கூப்பிட்டான். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் பேசுகிறவள் பேசவில்லை என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் அவனுக்குத் தோன்றியது. அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் அதையேதான் அவனிடம் சொல்லாமல் இருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனது. அவன் தொண்டை கிழிந்து, காற்று மட்டும் வந்தது.

"நான் இறங்கிப் போய் ஆள கூட்டிட்டு வரேன்," என்று கிசுகிசுத்தான். "நீ இவன விட்டு நகராத."

உருண்டை கூடாரத் துணிமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். "ஏம்மா அக்காவ கூப்புட்டுக்கிட்டே இருக்க? அவ பேச மாட்டா."

"ஏன்டா? அவள எங்கடா பாத்த?" என்றாள் மனைவி.

"பாக்கல. அக்கா மாட்டிக்கிட்டா. மாட்டிக்கிட்டா கத்தக் கூடாது. கத்துனா அவுட்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் சுத்தியலை எடுத்தான். சமைக்கக் கொண்டுவந்த இரும்பு அடுப்பின் மூடியைக் கழற்றினான். அதைப் பாறைமேல் வைத்து அடித்தான். டங். டங். டங்.

ஒன்றுமில்லை. மனைவி மகனின் வாயைப் பொத்தினாள். பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூட நின்றது.

மறுபடியும் மூன்று.

மரங்களுக்குப் பின்னாலிருந்து, கல்லில் கல் தட்டும் சத்தம் வந்தது. டக். டக். கொஞ்சம் இடைவெளி விட்டு, டக்.

அடிக்கவும் கேட்கவும் அடிக்கவுமாக அவன் முள்ளில் விழுந்து எழுந்து போனான். இரண்டு பாறைகளுக்கு நடுவே, பெரிய ஆள் முழுசாக நுழைய முடியாத இடுக்கில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாகியிருந்தது. பக்கத்தில் அவள் பொறுக்கிய கற்கள், பெரிதாகவே, நாலு.

"வழி தெரியல, உக்காந்துட்டேன். நீங்க கூப்புட்டது எல்லாமே கேட்டுச்சுப்பா," என்றாள். பல் தந்தியடித்தது. "அம்மா அழுததுகூட கேட்டுச்சு. நான் ஒரு தடவகூட வாய் தொறக்கல."

அவன் இரண்டு கையையும் நீட்டினான். அவள் அசையவில்லை. அண்ணாந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தாச்சு, இறங்கலாம் என்று அவன் சொன்னால்தான் வெளியே கால் வைக்க வேண்டும். அதுதான் சட்டம்.

சொல்லப் பார்த்தான். குரல் இல்லை.

"என்னப்பா? கேக்கல."

பின்னால் சருகு நொறுங்கியது. மனைவி மகனை அவன்மேல் தள்ளிவிட்டு இடுக்குக்குள் பாதி உடம்பை நுழைத்தாள். மகளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"அம்மா, அப்பா இன்னும் சொல்லல!"

"கத்துடி," என்றாள் அம்மா, கம்பளிச் சட்டையை அவள் தலைவழியே மாட்டிக்கொண்டே. "இப்பக் கத்து. நான் கேக்கணும்."

வாயாடி அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அதற்கு அப்புறம்தான் அவள் அழுதாள்.