மூன்று மணி, ஜன்னலோர மேசை

எங்கள் நூலகரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல் யாரும் திரும்பியதில்லை. எந்த அலமாரி, எந்தத் தட்டு, இடமிருந்து எத்தனையாவது என்று சொல்லி அனுப்பினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இருபத்தாறு வருஷம் அவரோடு புத்தகம் அடுக்கியவள் நான். அந்தக் குணத்தை எல்லோரிடமும் மெச்சியிருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆள் வராத கிளைகளை மூடப்போவதாக மேலிடத்துக் கடிதம் வந்தது. பிழைக்க வேண்டுமானால் ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்கி வாசகர்களைச் சேர்க்க வேண்டுமாம். நூலகர் தன் மகளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, புதுப் புத்தகங்களின் அட்டைகளைப் போட்டார். பன்னிரண்டு லைக். அதில் எட்டு பேர் சொந்தக்காரர்கள்.

அப்போதுதான் தையல்காரப் பெண் அவர் கண்ணில் பட்டாள். நாலு மாதமாக ஒரு நாள் தவறாமல் வருகிறவள். எந்த ஊர்க்காரி என்று சொன்னதில்லை. அவள் படிப்பதைப் படம் எடுத்துப் பக்கத்தில் போடலாமா என்று நூலகர் கேட்டார்.

"முகம் மட்டும் வேணாம்க்கா."

"புத்தகமும் கையும் எடுத்துக்கறேன்மா. போதுமா?"

அவளுடைய இடது மணிக்கட்டில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. இஸ்திரிப் பெட்டி பட்டது என்று சொல்லியிருந்தாள். ஒரே நாளில் அந்தப் படத்துக்கு நானூறு லைக். நூலகருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கீழே ஒருவர், "எந்த ஊர் நூலகம் இது?" என்று கேட்டிருந்தார். நூலகர் முகவரி எழுதினார், பஸ் நம்பர் எழுதினார். அதோடு விட்டாரா? "இந்த வாசகியைத் தினமும் மூன்று மணிக்கு ஜன்னலோர மேசையில் பார்க்கலாம்" என்றும் சேர்த்தார். படித்துவிட்டு, "புது வாசகர் வரப்போறார்" என்று சொன்னவள் நான்தான்.

மூன்றாம் நாள் அவன் வந்தான். பதிவேட்டில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டான். நேரே ஜன்னலுக்குப் போய், "கிளம்பு" என்றான், நூலகத்தில் பேச வேண்டிய அதே மெல்லிய குரலில். அவள் புத்தகத்தை மூடினாள். எங்களைக் கடக்கும்போது, "கைய மறைக்க மறந்துட்டேன்க்கா" என்றாள், ஏதோ தன் தப்பு போல.

தையற்கடையில் விசாரித்தோம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். "புருஷன்தானம்மா கூட்டிட்டுப் போயிருக்கான்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் கிளையை மூடவில்லை. பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

படத்தை நூலகர் அன்றே அழித்துவிட்டார். நேற்று வேறொரு பதிவின் கீழே யாரோ கேட்டிருக்கிறார்கள்: "அந்தக் கைக்காரக்கா இப்பவும் மூணு மணிக்கு வர்றாங்களா?"

காலையிலிருந்து நூலகர் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.