ஒழுங்காக வேலை செய்த புரோகிராம்

எங்கள் டண்டினொங் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஃபைல்களை நகலெடுக்கும், இடம் மாற்றும் புரோகிராமைப் போன வாரம் சுத்தம் செய்தேன்.

இடம் மாற்றச் சொன்னால் அது நகல் மட்டும் எடுத்துவிட்டு, பழையதை அழிக்காமல் விட்டுவிடும். அந்தப் பிழையைத் திருத்தினேன். டிஸ்க் நிரம்பினால் என்ன ஆகும், ஒரே பெயரில் இரண்டு இருந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சோதித்தேன். எல்லாம் சரி.

இன்று காலை பக்கத்து மேசை சிவம் அண்ணா வந்தார்.

“தம்பி, என்ர தமிழ் எழுத்தெல்லாம் காணேல்லை.”

மகளின் கல்யாண அழைப்பிதழுக்காக, மதிய இடைவேளைகளில் நட்சத்திரக் குறிகளை அடுக்கி அவர் உருவாக்கிய எழுத்துகள். 1977 வந்தும் மெல்பேர்னில் தமிழ் அச்சகம் ஏது?

வெள்ளிக்கிழமை அவற்றைப் பிரிண்டருக்கான டிஸ்க்குக்கு மாற்றியிருக்கிறார். அதை வாரக் கடைசியில் துடைத்துவிடுவார்கள்.

“துடைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமே அண்ணா?”

“ஓம், தெரியும். ஆனா பழைய இடத்தில எப்பவும் ஒண்டு கிடக்கும். அதை நம்பித்தான் இருந்தனான். உம்மில பிழை இல்லை.”

திட்டியிருந்தால் தேவலை. போய் உட்கார்ந்து ‘அ’விலிருந்து மறுபடி தொடங்கினார்.

அடுத்து, அழிக்கும் புரோகிராமைத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். அதிலுள்ள எந்தப் பிழையை நம்பி யார் யார் இருக்கிறீர்கள்? இப்போதே சொல்லிவிடுங்கள்.